புலம்

சென்ற வாரம் நண்பர்களுடன் கலைச்சொல்லாக்கம் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, கணினித் துறையில் ஃபீல்டு என்பதற்குப் ‘புலம்’ என்ற சொல் பொருத்தம்தானா என்று ஒருவர் கேட்டார். வயல், திசை, அறிவு என்று ஏற்கெனவே பல பொருள்களைச் சுமக்கும் சொல் அது. விவாதம் நெடுநேரம் நீண்டது. நான் அதில் கலந்துகொள்ளவில்லை. ஒரே ஒரு புலத்தைச் சரியாக வரையறுக்கத் தெரியாமல் 2008ஆம் ஆண்டில் நான் பட்ட பாடு நினைவுக்கு வந்துவிட்டது.

அப்போது கோவையில் பம்புசெட் தயாரிக்கும் ஒரு நிறுவனத்தில் எஸ்ஏபி மென்பொருளை அமைத்துக்கொடுக்கும் குழுவில் இருந்தேன். விலை நிர்ணயம் என் பொறுப்பு. வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு, பொருளுக்கு ஒரு விலை, அதைக் கணினியில் ஏற்றவேண்டியதுதானே என்று தோன்றும். உண்மையில் விலை பொருளோடு ஒட்டிக்கொண்டிருப்பதில்லை. இன்ன வாடிக்கையாளருக்கு இன்ன பொருள் என்று ஓர் அட்டவணை. இன்ன விலைப்பட்டியலில் இன்ன பொருள் என்று வேறொன்று. பொருள் மட்டுமே உள்ள பொதுவான அட்டவணை கடைசியில். மென்பொருள் இவற்றை வரிசையாகத் தேடிச்சென்று, முதலில் எங்கே விலை கிடைக்கிறதோ அங்கேயே நின்றுவிடும். இலக்கணம் பயின்றவர்களுக்கு இது புதிதல்ல. சிறப்பு விதி பொருந்தாத இடத்தில் பொது விதி.

புலங்களின் பெயர்களும் ஒரு தனி உலகம். 1972இல் ஜெர்மனியில் பிறந்த நிறுவனமாதலால் எல்லாமே ஜெர்மன் சொற்களின் வெட்டுத் துண்டுகள். வாடிக்கையாளர் எண்ணாகிய ‘குண்டன்நும்மர்’ எங்கள் வாயில் ‘குன்னர்’ ஆயிற்று. பொருளின் எண் ‘மேட்நர்’. ஏதோ நீலகிரி மலையூர்களைப்போல. நாமாகச் சேர்க்கும் புலங்களுக்கு மட்டும் முன்னால் இரண்டு ‘இஸட்’ போடவேண்டும். அவர்களுடைய பெயர்களோடு மோதாமலிருக்கும் பொருட்டு.

அந்த நிறுவனத்தில் ஒரே பம்பு, விவசாயக் கிணற்றுக்குப் போனால் ஒரு விலை, வீட்டு ஆழ்துளைக் கிணற்றுக்குப் போனால் வேறொரு விலை. இந்த வேறுபாட்டைச் சொல்லும் புலம் மென்பொருளில் இல்லை. ஓய்வுபெறும் வயதை எட்டியிருந்த விலைப்பிரிவுப் பெரியவர் ஒருவர் அதை நீளமான கணக்கு நோட்டில் வைத்திருந்தார். ஒரு பத்தியில் ‘வி’, ‘வீ’ என்று மாறிமாறி வரும். குறிலென்றால் விவசாயம், நெடிலென்றால் வீடு.

நான் அதை டீலரின் இயல்பு என்று எடுத்துக்கொண்டேன். தாராபுரத்து டீலர் விவசாயம், அண்ணாநகர் டீலர் வீடு. ஆகவே ஆர்டரின் தலைப்பகுதிக்குரிய ‘கோம்கே’ என்ற கட்டமைப்பில் புலத்தைச் சேர்த்து வரைபடம் போட்டுக் காட்டினேன். பெரியவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “தம்பி, ஒரே லாரில வியும் போகுமுங்க, வீயும் போகுமுங்க” என்றார். அது டீலரின் இயல்பல்ல. ஆர்டரில் உள்ள ஒவ்வொரு வரியின் இயல்பு. எல்லாவற்றையும் கலைத்து, வரிகளுக்குரிய ‘கோம்பி’க்கு மாற்றினேன். அவர் அன்று அறைக்கு வராமலிருந்தால் அந்தப் பிழை எத்தனை நாள் உள்ளேயே கிடந்திருக்கும் என்று இப்போதும் எண்ணிக்கொள்வதுண்டு.

ஆனால் பெரிய பிழை வேறிடத்தில் காத்திருந்தது. ஆர்டர் போடும்போது அந்தப் புலத்தை நிரப்பும் நிரல் ஓரிடத்தில் இருக்கிறது. பில் போடும்போது நிரப்பும் நிரல் வேறோரிடத்தில். பில் போடும் நாளின் விலையே செல்லும் என்பது அந்நிறுவனத்தின் வழக்கமாதலால், விலை இரண்டாம் முறையும் தேடப்படும். நான் முதலாமிடத்தில் மட்டும் எழுதியிருந்தேன். பில்லில் புலம் காலி. காலியென்றால் மென்பொருள் சிறப்பு அட்டவணையைத் திறந்துகூடப் பார்க்காது. தாண்டிச்சென்று பொது விலையை எடுத்துவிடும். பிழைச்செய்தி ஏதும் வராது, ஏனென்றால் அதைப் பொறுத்தவரை விலை கிடைத்துவிட்டது.

சோதனையில் ஏன் அகப்படவில்லை என்றால், சோம்பல். விவசாய விலை, பொது விலை இரண்டிற்கும் 100 ரூபாய் என்றே போட்டுச் சோதித்திருந்தேன்.

மூன்றாம் நாள் தாராபுரத்திலிருந்து அழைப்பு வந்தது. டீலர் பழைய விலையைச் சொல்லி விவசாயிகளிடம் பணம் வாங்கிவிட்டிருந்தார். கூடுதல் தொகை அவர் கையிலிருந்து போகவேண்டும். அவர் சத்தம்போடவில்லை. “எங்கிட்ட வாங்கினவங்ககிட்ட நான் போய் என்னன்னு சொல்றதுங்க?” என்று மட்டும் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. பில் நிரலில் சேர்க்கவேண்டியிருந்தது சில வரிகள்தான். அரைமணி நேர வேலை. ஆனால் தவறான பில்கள் ஒவ்வொன்றிற்கும் கிரெடிட் நோட் போட்டு முடிக்க ஒரு வாரம் ஆயிற்று. பெரியவர் நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு வரிவரியாகச் சரிபார்த்தார். இரவு ஒன்பது மணிக்குத் தேநீர் குடிக்கையில், நோட்டில் அந்தப் பத்தி காலியாக இருந்தால் என்ன செய்வீர்கள் ஐயா என்று கேட்டேன்.

“காலியா இருந்தா வெல எழுதமாட்டனுங்க தம்பி. போன் பண்ணிக் கேட்டுப்போட்டுத்தான் எழுதுவேன்.”

மறுநாளே, அந்தப் புலத்தை நிரப்பாமல் எந்த வரியும் முழுமையடையாது என்று மென்பொருளிலும் ஏற்பாடு செய்தேன். ஆர்டர் போடும் பிள்ளைகள் என்னைத் திட்டியிருப்பார்கள். அடுத்த மாதம் பெரியவரே என் இருக்கைக்கு வந்தார். கையில் சென்னைக் கிளையின் விற்பனை அறிக்கை. தேர்வுப் பட்டியலில் விவசாயத்தை முதலிலும் வீட்டை அடுத்ததாகவும் வைத்திருந்தேன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

“ஏனுங் தம்பி, இந்த மாசம் மெட்ராஸ்ல வெவசாயம் அமோகமா இருக்குதாட்டம் இருக்குதுங்களே?”