கோதுமைச் சமவெளியில் ஒத்திகை ஆட்டம்

கனடா என்றதும் நம்மவர் நெஞ்சில் முதலில் எழுவது ரொறன்ரோ நகரம். உற்றார் உறவினரிற் பலர் அங்கே குடியேறியிருக்க, வேறெந்த ஊர் நினைவுக்கு வரும்? ஆனால் ரொறன்ரோவிலிருந்து மேற்கு நோக்கிப் புறப்பட்டு, ஏரிகளையும் காடுகளையும் கடந்து, வினிப்பெக் நகரையும் பின்னே விட்டுச் செல்லும் பிரயாணி, மலையுமில்லாத, காடுமில்லாத, வானமும் வயலுமே விரிந்து கிடக்கின்ற ஒரு பெருவெளியை அடைகின்றான். அதுவே சஸ்கச்சுவான் மாகாணத்தின் தென்பகுதி. பரப்பிலே அம்மாகாணம் இலங்கையைப் போல் ஏறக்குறைய பத்து மடங்கு. அங்கே வாழும் மக்களோ, 2021ஆம் ஆண்டுக் கணக்கின்படி, பதினொரு இலட்சத்துச் சொச்சம். நமது யாழ்ப்பாண மாவட்டத்து மக்கள் தொகையின் இரு மடங்குகூட வராது.

இவ்வளவு தொலைவிலுள்ள ஊர் நமக்கு முற்றிலும் அந்நியம் என்று எண்ணிவிடலாகாது. நம் அடுக்களைகளில் நாள்தோறும் கொதிக்கும் மைசூர்ப் பருப்பில் ஒரு பகுதி கனடாவிலிருந்தே வருகின்றது. கனடாவில் விளையும் அப்பருப்பின் பெரும்பங்கு இந்தச் சஸ்கச்சுவான் வயல்களின் விளைச்சல். பெயரில் மைசூரைத் தாங்கியிருப்பினும் பிறந்த மண் வேறு!

மாகாணத்தின் தலைநகர் ரெஜைனா. பழங்குடிகளான கிறீ மக்கள் அவ்விடத்தை எலும்புக் குவியல் என்னும் பொருள்படும் பெயரால் அழைத்தனர். வேட்டையாடப்பட்ட காட்டெருமைகளின் எலும்புகள் அங்கே குவிந்து கிடந்தமையே காரணம். 1882ஆம் ஆண்டில், விக்டோரியா மகாராணியின் புதல்வியும் கனடாவின் மகாதேசாதிபதியின் மனைவியுமாகிய லூயிஸ் இளவரசி, தன் தாயை எண்ணி, அரசி என்று பொருள்படும் ரெஜைனா என்னும் இலத்தீன் பெயரை அதற்குச் சூட்டினாள். எலும்புக் குவியல் மகாராணியாயிற்று. மனிதரால் தோண்டப்பட்ட வஸ்கானா ஏரியும், அதன் கரையில் நிற்கும் சட்டசபைக் கட்டடமும் அழகானவைதாம். ஆயினும் மே மாதக் கடைசியில் அந்நகருக்குச் செல்லும் ஒருவன் அவற்றைப் பற்றி எவரிடம் கேட்டாலும் பேச்சு நெடுநேரம் நிலைக்காது. இரண்டு நிமிடத்தில் அது பச்சைச் சட்டைக்காரரிடம் வந்து சேர்ந்துவிடும்.

பச்சைச் சட்டைக்காரர் எனப்படுவோர் சஸ்கச்சுவான் றஃப்றைடர்ஸ் என்னும் உதைபந்தாட்டக் கோஷ்டியினர். உதைபந்தாட்டம் என்றவுடன் நமது பாடசாலை மைதானத்து ஆட்டத்தை எண்ணிவிடக் கூடாது. முட்டை வடிவமான பந்தைக் கையிலேந்தி ஓடியும், தூர எறிந்தும், இடையிடையே உதைத்தும் ஆடப்படும் இவ்வாட்டம் நாமறிந்த றகர் ஆட்டத்தின் ஒன்றுவிட்ட சகோதரம். பக்கத்துக்குப் பன்னிருவர். பத்து யார் முன்னேறுவதற்கு மூன்றே வாய்ப்பு. அமெரிக்கரின் ஆட்டத்தில் பதினொருவரும் நான்கு வாய்ப்பும் உண்டு. கனடாவின் மைதானம் நெடுங்காலமாக 110 யார் நீளமுடையது. அதை 2027ஆம் ஆண்டிலிருந்து 100 யாராகக் குறைப்பதென 2025இல் அறிவித்தபோது, அமெரிக்கரைப் பின்பற்றும் செயலென்று மனம் புழுங்கியோர் பலர்.

இக்கோஷ்டி 1910ஆம் ஆண்டில் ரெஜைனா றக்பிக் கழகம் என்ற பெயரில் தோன்றியது. இதற்குத் தனி முதலாளி இல்லை. ஊர் மக்களுக்குரிய சொத்து. பங்குப் பத்திரங்கள் விற்கப்பட்டதுண்டு. ஆனால் அவற்றுக்கு இலாபப் பணம் ஒரு சதமும் கிடையாது. வாங்கியவர்கள் கண்ணாடிச் சட்டமிட்டுச் சுவரில் மாட்டி வைத்திருக்கின்றனர். 1987ஆம் ஆண்டில் கழகம் பணமின்றி மூடப்படும் நிலைக்கு வந்தபோது, தொலைக்காட்சியில் மணிக்கணக்காக நிகழ்ச்சி நடத்தி, மக்களிடம் நுழைவுச் சீட்டுகளை விற்று அதைக் காப்பாற்றினார்கள். ஆகவே அங்குள்ள இரசிகர் கோஷ்டியைப் பற்றிப் பேசும்போது பார்வையாளரைப் போலப் பேசுவதில்லை. குத்தகைக்கு விட்ட காணியைப் பார்க்க வந்த சொந்தக்காரரைப் போலப் பேசுகின்றனர்.

அந்தப் பேச்சைக் கேட்பதற்கு மே மாதக் கடைசியே தகுந்த காலம். பனி உருகி, கமக்காரர் கோதுமையும் பருப்பும் விதைக்கும் நாட்கள் அவை. அதே நாட்களில் சுமார் 260 கிலோமீற்றர் வடக்கேயுள்ள சஸ்கற்றூன் நகரின் பல்கலைக்கழக மைதானத்தில், அண்மைய ஆண்டுகளிற் பெரும்பாலும் பயிற்சி முகாம் நடந்து வருகின்றது. எண்பதுக்கு மேற்பட்ட இளைஞர் வந்து சேர்வர். யூன் மாதம் பருவம் தொடங்கும்போது ஏறக்குறைய நாற்பத்தைந்து பேரே ஆடும் கோஷ்டியில் நிற்பர். இடையில் இரண்டு ஒத்திகை ஆட்டங்கள், வழக்கமாக ஒன்று சொந்த ஊரில், மற்றது அயலூரில். அவற்றின் வெற்றி தோல்வி எந்தக் கணக்கிலும் சேர்வதில்லை. பேர் பெற்ற ஆட்டக்காரர் சிறிது நேரம் ஆடிவிட்டுத் தொப்பியணிந்து ஓரத்தில் நிற்பர். பலர் களத்தில் இறங்குவதேயில்லை. 2017இல் திறக்கப்பட்ட மொசேக் விளையாட்டரங்கில் முப்பத்து மூவாயிரம் பேர் அமரலாம். ஒத்திகை நாளில் இடைவெளிகள் தெரியும். ஆனாலும் வத்தகப் பழத்தைக் குடைந்து தலைக்கவசமாக அணிந்துகொண்டு, சாறு காதோரம் வடிய அமர்ந்திருக்கும் பக்தர்கள் அன்றும் இல்லாமற் போவதில்லை.

கணக்கில் சேராத ஆட்டத்தைப் பற்றி இவ்வளவு விவாதம் எதற்கு என்று வெளியூரவன் கேட்கலாம். மறுநாட் காலையில் வீதியோரக் கோப்பிக் கடையொன்றில் அரை மணி நேரம் உட்கார்ந்தால் விடை கிடைக்கும். கமக்காரர், ஆசிரியர், லொறிச் சாரதி, ஓய்வு பெற்ற உத்தியோகத்தர் எனப் பலரும் பச்சைத் தொப்பியுடன் கூடியிருப்பர். ஒத்திகையில் வென்றால், "எதிர்க் கோஷ்டி தன் நல்ல ஆட்டக்காரரை இறக்கவில்லை, இதிலென்ன பெருமை?" என்பார் ஒருவர். தோற்றாலோ அவரே, "இரண்டாம் வரிசை இவ்வளவு பலவீனமென்றால் யூலையில் காயங்கள் வரும்போது என்ன செய்யப் போகிறோம்?" என்று தலையிலடித்துக் கொள்வார். எப்படியும் கவலைப்படுவதற்கு அவருக்கு ஒரு வழி உண்டு. பக்கத்திலிருப்பவர், தோல்வியை நல்ல சகுனமென்று கொள்பவர்.

குவாட்டர்பாக் எனப்படும், பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் தலைவனை ஒத்திகையில் இறக்கலாமா, கூடாதா என்பது ஆண்டுதோறும் தீராத வழக்கு. ஆடாதவன் கை துருப்பிடிக்கும் என்பது ஒரு கட்சி. உடைந்தால் யார் பொறுப்பு என்பது மறு கட்சி. இரண்டாங் கட்சியார் 2023ஆம் ஆண்டைச் சாட்சிக்கு அழைப்பர். அவ்வாண்டு யூலையில் ட்ரெவர் ஹரிஸ் காலெலும்பு முறிந்து வீழ்ந்தார். 18 ஆட்டங்களில் ஆறிலேதான் வெற்றி கிட்டியது. முதற் கட்சியார் உடனே, அதே ஹரிஸ் 39 வயதில், 2025 நவம்பரில், மொன்றியல் கோஷ்டியை 25க்கு 17 என வென்று கிறே கிண்ணத்தைக் கொணர்ந்ததை எடுத்துரைப்பர். இரண்டு செய்திகளும் வழக்கிற்கு நேரடியாகப் பொருந்தாதவை என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் அங்கே அதைச் சொல்லும் துணிவு எவர்க்கு உண்டு!

எனினும் பேச்சின் சூடு உண்மையில் இருப்பது தலைவனைப் பற்றியதிலன்று. பெயரே கேள்விப்படாத, 44ஆவதோ 45ஆவதோ இடத்துக்குப் போராடும் பையனைப் பற்றியதில்தான். அமெரிக்கப் பல்கலைக்கழகமொன்றில் ஆடி, அந்நாட்டுப் பெருங் கோஷ்டிகள் ஏற்காமல், கடைசி முயற்சியாக இங்கு வந்தவன் ஒருவன். ரெஜைனாப் பல்கலைக்கழகத்திலோ சஸ்கற்றூனிலோ படித்துக்கொண்டே வந்த உள்ளூர்ப் பிள்ளை இன்னொருவன். களத்தில் கனடியரும் குறிப்பிட்ட தொகையினர் இருந்தாக வேண்டுமென்பது விதி. ஆதலால் உள்ளூர்ப் பிள்ளைக்கு ஒரு கதவு திறந்திருக்கின்றது. அவனுடைய ஆட்டத்தைக் கடைக்காரர்கள் நுணுகிப் பார்க்கின்றனர். தடுப்பு வரிசையில் நிற்பவனைப் பந்தின் பின்னே ஓடும் கண்கள் காண்பதில்லை. இவர்கள் காண்கின்றனர். "மூன்றாம் கால்பகுதியில் அவன் இரண்டு முறை கால் வழுக்கினான்" என்று ஒரு பாட்டி சொன்னால் அவ்வாறே நடந்திருக்கும்.

அவ்வாறு பார்ப்பதற்குக் காரணம் உண்டு. கல் லேக் என்னும் சிற்றூரிற் பிறந்த றொஜர் அல்டாக் 1976இல் இக்கோஷ்டியிற் சேர்ந்தார். தடுப்பு வரிசை ஆட்டக்காரர். பந்தைத் தொடும் வாய்ப்பே இல்லாத வேலை. 1977 தொடக்கம் 1987 வரை பதினொரு ஆண்டுகள் தொடர்ச்சியாகக் கோஷ்டி இறுதிச் சுற்றுக்குத் தகுதி பெறவில்லை. அந்தப் பதினொரு ஆண்டும் அவர் நின்றார். 1989இல் ஹமில்ரன் கோஷ்டிக்கெதிரான இறுதியாட்டத்தில், கடைசி விநாடிகளில் டேவ் றிட்ஜ்வே உதைத்த பந்து கம்பங்களுக்கிடையே சென்று 43க்கு 40 என வெற்றி கிட்டியபோதும் அவர் அங்கே நின்றார். அது கோஷ்டியின் இரண்டாவது கிறே கிண்ணம். முதலாவது 1966இல், றொன் லங்காஸ்ரரும் ஜோர்ஜ் றீட்டும் ஆடிய காலத்தில். அதற்குமுன் எட்டு முறை இறுதிக்குச் சென்று எட்டு முறையும் தோற்றிருந்தனர். 2009இல் நேர்ந்ததைக் கேட்டால் இன்றும் முகம் சுளிப்பர். மொன்றியல் கோஷ்டி கடைசி உதையைத் தவறவிட்டது. ஆனால் களத்தில் பன்னிருவருக்குப் பதிலாகப் பதின்மூவர் நின்றதால் மீண்டும் உதைக்கவிட்டு, 28க்கு 27 எனத் தோற்றனர். அதற்கு முன்பே அவ்வூர் இரசிகர் தம்மைப் பதின்மூன்றாம் ஆட்டக்காரன் என்று பெருமையாக அழைத்துக்கொண்டவர்கள் என்பதுதான் வேடிக்கை.

முகாமில் இன்னொரு வழக்கமும் உண்டு. எண்பது பேருக்கு மேல் கூடும்போது சட்டைகளுக்கு எண் தட்டுப்பாடாகும். ஆயினும் 40, 55, 56, 73 ஆகிய எண்கள் எவர்க்கும் கொடுக்கப்படுவதில்லை. 1956 டிசம்பர் 9ஆம் திகதி, வன்கூவர் நகரில் கண்காட்சி ஆட்டமொன்றை முடித்துத் திரும்பியோரை ஏற்றிவந்த விமானம், பிரிட்டிஷ் கொலம்பியாவின் ஸ்லெஸி மலைமுகட்டில் மோதி, அதிலிருந்த 62 பேரும் மாண்டனர். மெல் பெக்கெற், மாரியோ டிமார்க்கோ, றே சேர்னிக், கோர்டன் ஸ்ரேட்றிட்ஜ் என்னும் நால்வரும் இக்கோஷ்டியினர். மறு ஆண்டு மே மாதம் வரை சிதைவுகள்கூட அகப்படவில்லை. முகாமுக்கு வரும் இருபத்திரண்டு வயதுப் பையன் தனக்குப் பிடித்த எண் 55 என்று கேட்டால், உடைகளுக்குப் பொறுப்பானவர் அவனுக்கு இக்கதையைச் சொல்லியாக வேண்டும்.

2020ஆம் ஆண்டுப் பருவம் கொள்ளை நோயினால் முழுவதும் கைவிடப்பட்டது. 2021இல் ஆட்டங்கள் நடந்தனவாயினும் ஒத்திகை ஆட்டங்கள் நடைபெறவில்லை. முன்பின் அறியாத இளைஞன் தன்னைக் காட்டுவதற்கு அவ்வாண்டு மேடையில்லை. பயிற்றுவோர் கண்டதே தீர்ப்பு. கோப்பிக் கடையில் எவர்க்கும் மேன்முறையீட்டு உரிமை இருக்கவில்லை.

இரண்டாவது ஒத்திகை ஆட்டம் முடிந்ததும் பட்டியல் வரும். அன்று காலையில் சிலரை அழைத்துத் தனியே பேசுவர். மாணவராயிருப்போர் சிலர் இன்னுமோராண்டு படித்து ஆடிவரப் பல்கலைக்கழகத்துக்குத் திரும்புவர். சிலர் பயிற்சிப் பட்டியலில் வைக்கப்படுவர். எஞ்சியோர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு விமான நிலையம் செல்வர். வானொலியில் பெயர்கள் வாசிக்கப்படும்போது கோப்பிக் கடையில் பேச்சு நிற்கும். தாம் மூன்று வாரம் வாதாடிய பையனின் பெயரைக் கேட்டதும் ஒருவர் எழுந்து வெளியே சென்று, வானத்தைப் பார்த்து, மழை வருமா என்பார். விதைத்தவருக்கு அதுவும் அவசரமான கேள்விதான்.

கைவிடப்பட்டவனை வேறொரு கோஷ்டி எடுத்துக்கொள்வதும் உண்டு. அக்கோஷ்டி வினிப்பெக் ஆகிவிட்டால் அதைவிட மனத்தாங்கல் வேறில்லை. ஏனெனில் செப்டெம்பர் மாதத் தொழிலாளர் தினத்தையொட்டி, பரம வைரியான வினிப்பெக் கோஷ்டி ஆண்டுதோறும் ரெஜைனாவுக்கு வந்து ஆடும். அன்று அரங்கு நிறைந்து வழியும். நீலச் சட்டையணிந்து தடுப்பு வரிசையில் அந்தப் பையன் நிற்பதை வத்தகப் பழக் கவசத்தினடியிலிருந்து கண்டுபிடிப்பவர்கள், அவனை விட்டது தவறென்று மே மாதமே சொன்னவர் தாமே எனச் சாதிக்கத் தொடங்குவர்.