ஓர்சே நிலவறையில் எண்ணப்பட்ட ஜோடிகள்

இரண்டு ஃபோட்டான்களுக்கு இடையிலான குவாண்டம் தொடர்பை அளப்பது, ஆய்வு மேசையில் வெறும் எண்ணும் வேலைதான். இரண்டும் எத்தனை தடவை சேர்ந்து வந்து விழுகின்றன என்று எண்ண வேண்டும். அந்த எண்ணிக்கையை நம்பும்படி செய்வதுதான் கஷ்டம். பாரிசுக்குத் தெற்கே ஓர்சேயில், ஒளியியல் நிறுவனத்தின் நிலவறையில் இயற்பியலாளர் அலேன் அஸ்பே குழுவினர் 1981-82இல் செய்து காட்டியது அதைத்தான்.

ஒளி கால்சியத்திலிருந்து வந்தது. வெற்றிடத்தில் பாயும் கால்சியம் அணுக்களை இரண்டு லேசர்கள் சேர்ந்து மேல்நிலைக்கு ஏற்றின. ஏறிய அணு இரண்டு படிகளில் இறங்கும்: முதலில் 551.3 நானோமீட்டர் பச்சை, சுமார் 5 நானோவினாடிக்குள் 422.7 நானோமீட்டர் ஊதா. 1972இல் பெர்க்லியில் இயற்பியலாளர்கள் ஃப்ரீட்மனும் கிளாசரும் இதே போன்ற சோதனைக்கு எடுத்துக்கொண்டதும் கால்சியமே. ஆனால் விளக்கொளியை நம்பியிருந்த அவர்கள் சுமார் 200 மணி நேரம் எண்ண வேண்டியிருந்தது. லேசர் வந்தபின் 100 வினாடியிலேயே பிழை 1 சதவீதத்துக்கு இறங்கிவிட்டது.

பெர்க்லி கருவியில் இன்னொரு குறையும் உண்டு. கண்ணாடித் தகடுகளாலான தளவிளைவாக்கி ஒரு திசையில் அதிரும் ஒளியை மட்டுமே கடத்தும். எண்ணப்படாத ஃபோட்டான் தடுக்கப்பட்டதா, வரவே இல்லையா என்று சொல்ல வழியில்லை. ஓர்சேயில் இதற்கு மாற்றாக இருபுறமும் ஒவ்வொரு கண்ணாடிக் கனசதுரம் வந்தது. இரண்டு முப்பட்டகங்களுக்கு இடையிலுள்ள மெல்லிய படலங்கள் ஒரு திசையில் அதிரும் ஒளியை நேரே விடும், அதற்குச் செங்குத்தாக அதிரும் ஒளியைப் பக்கவாட்டில் திருப்பிவிடும். இரு வழியிலும் ஃபோட்டானைத் துடிப்பாக மாற்றும் ஒவ்வொரு ஃபோட்டோமல்டிப்ளையர் குழாய். கோணத்தை மாற்ற வேண்டுமானால் கனசதுரத்தை மட்டும் திருப்பினால் போதாது. குழாய்களோடு சேர்த்து முழு அமைப்பும் கற்றையை அச்சாகக் கொண்டு சுழல வேண்டும். சுழலும்போது கற்றை துளி விலகினாலும் எண்ணிக்கை மாறும். கோட்பாட்டு நூல்கள் கண்டுகொள்ளாத பகுதி இது. சோதனை பற்றிய கட்டுரைகளில் அஸ்பேயுடன் பொறியாளர் ஜெரார் ரோஜேயின் பெயரும் இருப்பது நியாயமே.

நான்கு குழாய்களின் துடிப்புகளும் மின்னணுச் சுற்றுக்குப் போகும். சில நானோவினாடி இடைவெளிக்குள் இருபுறமும் வந்தவையே ஜோடி. தற்செயலாக ஒத்து விழுந்தவையும் அதில் கலந்திருக்கும். அவற்றைத் தனியே மதிப்பிட்டுக் கழிக்க வேண்டும். நான்கு கோணச் சேர்க்கைகளின் எண்ணிக்கைகளிலிருந்து S என்ற ஒரே எண் கிடைக்கிறது. ஃபோட்டான்கள் விடையை முன்பே சுமந்து வந்தால் S 2ஐத் தாண்டாது. கிடைத்தது 2.697, பிழை 0.015.

அடுத்து, ஒரு பக்கத்துக் கோணம் மறுபக்கத்துக்குத் தெரிந்துவிடாதபடி, ஃபோட்டான்கள் பறக்கும்போதே அளக்கும் கோணத்தை மாற்ற வேண்டியிருந்தது. தண்ணீரில் எழுப்பிய மீயொலி அலைகள் சுமார் 10 நானோவினாடிக்கு ஒருமுறை ஒளியை வேறு தளவிளைவாக்கிக்குத் திருப்பின. இரு திருப்பிகளுக்கும் இடையே 12 மீட்டர், ஒளிக்கு அது 40 நானோவினாடிப் பயணம். ஆனால் திருப்பம் சீரான தாளத்தில் நடந்ததே தவிர, முற்றிலும் தற்செயலாக அல்ல. கோணங்களைத் தற்செயலாகத் தேர்ந்தெடுக்கும் சோதனை 1998இல் இன்ஸ்புருக்கில் நடந்தது. பெரும்பாலான ஃபோட்டான்கள் எண்ணப்படாமலே போகும் குறையையும் சேர்த்து அடைத்த சோதனைகள் 2015இல்தான் வந்தன.