சாய்த்துப் பார்த்த கணக்கு

காலாண்டுத் தேர்வின் விடைத்தாள்களைத் திண்ணையில் அமர்ந்து திருத்திக்கொண்டிருந்தேன். பத்தாம் வகுப்புக் கணக்குப் பாடம். ஐந்து மதிப்பெண் வினா ஒன்றில், 1, 2, 3 என ஏறி, பத்தைத் தொட்டு, 9, 8, 7 என இறங்கி மீண்டும் ஒன்றில் முடியும் எண்களின் கூடுதலைக் கேட்டிருந்தேன். பெரும்பாலோர் வகுப்பில் நான் எழுதிப்போட்ட வாய்பாட்டைப் பயன்படுத்தி, ஏறும் பகுதிக்கு 55, இறங்கும் பகுதிக்கு 45 எனக் கண்டு, கூட்டி 100 என எழுதியிருந்தனர். ஒரு மாணவியின் தாளில் மட்டும் வாய்பாடும் இல்லை, படிகளும் இல்லை. மேலிருந்து கீழாக விரிந்து சுருங்கும் புள்ளிக் கூட்டம் ஒன்றும், அதன் அடியில் ‘100’ என்ற விடையும் இருந்தன. பக்கத்து மேசையைப் பார்த்து விடையை எழுதிவிட்டு, பொழுதுபோகாமல் புள்ளி வைத்திருக்கிறாள் என்று எண்ணினேன். சிவப்பு மையால் ஒரு சுழியிட்டு, ‘வழிமுறை எங்கே?’ என்று எழுதினேன்.

தாள்களைத் திருப்பிக் கொடுத்த அன்று அவள் என் மேசையருகே வந்து நின்றாள்.

“வழிமுறை இருக்கிறது ஐயா. இந்தப் புள்ளிகள்தாம்.”

“புள்ளி வைத்தால் கணக்காகிவிடுமா அம்மா?”

அவள் சிறிது தயங்கிவிட்டுத் தாளைச் சாய்வாகத் திருப்பிப் பிடித்தாள். “இது ஊடுபுள்ளிக் கோலம் ஐயா. நேராகப் பார்த்தால் ஒன்று, இரண்டு, மூன்று என்று பத்துவரை போய்த் திரும்பும். இப்படிச் சாய்த்துப் பார்த்தால் பத்து வரிசை. வரிசைக்குப் பத்துப் புள்ளி.”

பார்த்தேன். பத்துக்குப் பத்து அங்கே இருந்தது. கூட்ட வேண்டிய தேவையே இல்லை. வாய்பாட்டால் நான் இரு பகுதிகளாக உடைத்து ஒட்டவைத்த கணக்கு, அவள் தாளில் உடையாமல் முழுமையாகக் கிடந்தது. ஆயினும் அன்று நான் சொன்னது இது: “பொதுத்தேர்வில் இதற்கு மதிப்பெண் தரமாட்டார்கள். படிகளை எழுதப் பழகிக்கொள்.” நான் சொன்னதில் பொய்யில்லை, தேர்வுத்தாளைத் திருத்துபவருக்குப் படிகள் வேண்டும். ஆனால் அந்த உண்மையை நான் ஒளிந்துகொள்ளும் திரையாகப் பயன்படுத்தினேன். சுழி, சுழியாகவே இருந்தது. அவள் “சரி ஐயா” என்று சொல்லி, தாளை மடித்து எடுத்துச் சென்றாள்.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. எங்கள் வீட்டு வாசலில் நாள்தோறும் கோலம் இருந்தது. அதை மிதிக்காமல் தாண்டித்தான் பள்ளிக்குப் போய்வந்தேன். அதில் கணக்கு இருக்கும் என்று ஒரு நாளும் தோன்றியதில்லை. எழுந்து ஒரு தாளில் நேர்ப்புள்ளி வைத்துப் பார்த்தேன். 1, 3, 5, 7, 5, 3, 1. மொத்தம் 25. சாய்த்துப் பார்த்தால் ஐந்துக்கு ஐந்து கிடைக்கவில்லை, நெடுநேரம் திகைத்தேன். பிறகு ஒன்றுவிட்டு ஒன்றாகப் புள்ளிகளைச் சுழித்தபோது நான்குக்கு நான்கும், அதன் இடைவெளிகளில் மூன்றுக்கு மூன்றும் தனித்தனியே தெரிந்தன. பதினாறும் ஒன்பதும். அவ்வளவு எளிய ஒன்றைக் காண எனக்கு நள்ளிரவு ஆயிற்று. அவளுக்கு அது விடியற்காலை வேலையாக இருந்திருக்கும்.

மறுநாள் அதே வினாவை வகுப்பின் முன் வைத்து, வாய்பாட்டைத் தொடாமல் விடை சொல்லுமாறு கேட்டேன். சிறிது நேரம் அமைதி. பின் கடைசி வரிசை மாணவன் ஒருவன் எழுந்தான். ஏறும் வரிசையின் ஒன்றோடு இறங்கும் வரிசையின் ஒன்பதையும், இரண்டோடு எட்டையும் சேர்த்தால் ஒன்பது பத்துகள் வரும், நடுவில் நிற்கும் பத்தோடு நூறு என்றான். இன்னொருவன் சிறிய கணக்கிலிருந்து தொடங்கினான். ஒன்றுவரை சென்றால் 1. இரண்டுவரை சென்று திரும்பினால் 4. மூன்றுவரை சென்றால் 9. ஆகவே பத்துவரை சென்றால் 100. ஒருவன் எண்களை இணைகளாகக் கண்டான். ஒருவன் போக்கைக் கண்டான். அவள் வடிவத்தைக் கண்டாள். இத்தனை ஆண்டுகள் இவர்கள் எல்லோரும் என் வாய்பாட்டைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தார்கள்.

பின்னாளில்தான் ஒரு செய்தி அறிந்தேன். தாம்பரத்தில் உள்ள சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் புள்ளியியல் பேராசிரியராக இருந்த கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகியோருடன் சேர்ந்து, 1974-ஆம் ஆண்டிலேயே கோலங்களைப் பற்றி ஆய்வுக் கட்டுரை வெளியிட்டிருக்கிறார். சிறிய வடிவம் ஒன்றிலிருந்து விதிகளின்படி பெரிய கோலம் வளர்வதை, ஒரு மொழியின் இலக்கணத்தைப்போல எழுதிக்காட்ட முடியும் என்பது அதன் உட்பொருள். கணினி அறிவியலார் கோலத்தைக் கற்கும் நிலை அதனால் உண்டாயிற்று. நான் தாண்டிப்போன வாசலில் அவர்கள் நின்று பார்த்திருக்கிறார்கள்.

படமாக எண்ணுவோர் கணக்கில் குறைந்தவர் என்ற எண்ணம் நம்மிடையே மிக வலுவாக இருக்கிறது. மைக்கேல் பாரடேயை நினைத்துப்பாருங்கள். 1791-இல் ஏழைக் கொல்லரின் மகனாகப் பிறந்தவர். நூல் கட்டும் கடையில் பயிற்சியாளராக இருந்து, கட்டவந்த நூல்களைப் படித்தே அறிவியலுக்குள் நுழைந்தவர். உயர்கணிதம் அவருக்குக் கைவரவே இல்லை. காந்தத்தைச் சுற்றி இரும்புத்தூள் வளைந்து நிற்பதைப் பார்த்து, வெற்றிடம் என்று மற்றவர் கருதிய இடத்தில் விசைக்கோடுகள் நிறைந்திருப்பதாக மனத்தில் வரைந்துகொண்டார். 1831-இல் மின்காந்தத் தூண்டலைக் கண்டறிந்தவரும் அவரே. அக்கோடுகளைப் பிறகு ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல் என்னும் இளைஞர் சமன்பாடுகளாக மாற்றினார். மேக்ஸ்வெல்லுக்கு 1857-இல் எழுதிய கடிதம் ஒன்றில், கணிதவியலார் தாம் கண்ட முடிவுகளைப் பொதுமொழியிலும் எழுதிவைக்கக் கூடாதா என்று பாரடே கேட்டிருக்கிறார். முதிர்ந்த அறிஞர் தம்மினும் நாற்பது வயது இளையவரிடம் நாணமின்றிக் கேட்ட கேள்வி அது. அவர் படத்தைச் சமன்பாடாக்க மேக்ஸ்வெல் தேவைப்பட்டார். ஆனால் படமே இல்லையெனில் சமன்பாடாக்க என்ன இருந்திருக்கும்?

அதற்குப் பிறகு வாரத்தில் ஒரு பாடவேளையை இதற்கென ஒதுக்கினேன். ஒரு கணக்கு, பல வழிகள். ஒரே ஒரு நிபந்தனைதான்: ஒருவர் தம் வழியைத் தாமே விளக்கக்கூடாது, அடுத்தவர் வழியைத்தான் கரும்பலகையில் விளக்க வேண்டும். இதில்தான் உண்மையான இடர்ப்பாடு இருந்தது. தம் வழியில் விரைந்து ஓடும் மாணவர்கள் பிறர் வழியில் தத்தித் தடுமாறினார்கள். நானும் தடுமாறினேன்.

எல்லா வழியும் எப்போதும் சரியாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. போக்கைக் கண்டு விடை சொல்லும் அந்த மாணவனுக்காகவே ஒரு கணக்கைத் தேடி எடுத்துச் சென்றேன். வட்டத்தின்மேல் புள்ளிகளை வைத்து, ஒவ்வொன்றையும் மற்ற எல்லாவற்றோடும் கோட்டால் இணைத்தால் வட்டம் எத்தனை பகுதிகளாகப் பிரியும்? எந்த மூன்று கோடுகளும் ஒரே இடத்தில் வெட்டக்கூடாது. இரண்டு புள்ளிகளுக்கு 2, மூன்றுக்கு 4, நான்குக்கு 8, ஐந்துக்கு 16. “ஆறுக்கு 32” என்றான் அவன், நான் கேட்டு முடிக்கும் முன்பே. வரைந்து எண்ணச் சொன்னேன். 31 வந்தது. மீண்டும் எண்ணினான், மீண்டும் 31. எங்கோ ஒரு பகுதியைத் தவறவிட்டதாகக் கருதிப் பாடவேளை முழுவதும் அதைத் தேடினான். இல்லாத பகுதியை எங்கே தேடுவது? படம் வரைபவள் அன்று அவனைக் காப்பாற்றியிருப்பாள்.

ஆனால் அவள் அப்போது வகுப்பில் இல்லை. பதினொன்றாம் வகுப்பில் கணிதம் இல்லாத பிரிவை அவள் தேர்ந்திருந்தாள். அதற்கு வீட்டுச் சூழல் காரணமா, விருப்பம் காரணமா, அந்தச் சுழி காரணமா என்று நான் கேட்கவில்லை. கேட்க அஞ்சினேன் என்பதே சரி.

பன்னிரண்டாம் வகுப்பு முடிந்து மாற்றுச் சான்றிதழ் வாங்க வந்தவளை அலுவலக வாயிலில் கண்டேன். நலம் கேட்டபின், நெடுநாள் மனத்தில் கிடந்ததைச் சொன்னேன். “காலாண்டுத் தேர்வில் நீ புள்ளி வைத்துப் போட்ட கணக்கு நினைவிருக்கிறதா? அதற்கு ஐந்துக்கு ஐந்து தந்திருக்க வேண்டும் அம்மா. தவறு என்னுடையது.”

அவள் சிரித்தாள். சான்றிதழை உறைக்குள் வைத்து மூடிக்கொண்டே, “அன்றைக்கே சொல்லியிருக்கலாமே ஐயா” என்றாள்.