சேத்துப்பட்டு மாதா கோயிலும் ஒரு பவுண்டு தானியமும்

1/ ஆம்பூர்ல என்கிட்ட வர்ற ஷூ கம்பெனி பெண்கள் சிலருக்குச் சொந்த ஊர் சேத்துப்பட்டு பக்கம். "நீங்கல்லாம் சோத்துக்கு வேதத்துல சேர்ந்தவங்கதானே"ங்கிற கிண்டலைக் கேட்டே வளர்ந்தவங்க. இது அவங்களுக்காக.

2/ சேத்துப்பட்டு லூர்து மாதா கோயில், வேலூர் மறைமாவட்டத்தோட பழைய ஆலயங்கள்ல ஒண்ணு. அந்த மிஷனை வளர்த்தவர் பிரெஞ்சுக்காரரான தராஸ் சாமியார். வட ஆற்காட்டு கிராமங்கள்ல ஆயிரக்கணக்கானவங்க ஞானஸ்நானம் வாங்கினது 1876-78 தாது வருஷப் பஞ்சத்தை ஒட்டித்தான்.

3/ 1877ல நிவாரண வேலைக்கு ரிச்சர்ட் டெம்பிள் வச்ச தினக்கூலி: ஒரு பவுண்டு தானியமும் கொஞ்சம் காசும். ஒரு பவுண்டுன்னா 450 கிராம். சுமார் 1,600 கலோரி. வெயில்ல மண் சுமக்கிற உடம்புக்கு இது பாதி வயித்துக்குத்தான் காணும்.

4/ இதை எதிர்த்தவர் ஒரு டாக்டர். சென்னை மாகாண சுகாதார ஆணையர் கார்னிஷ். பட்டினியில உடம்பு தன் சதையையே தின்னும், எதிர்ப்புச் சக்தி போயிடும். அப்புறம் காலரா, சீதபேதி. சாவுக் கணக்குல காலரான்னு எழுதுவாங்க. கொன்னது பசி.

5/ அப்போ கஞ்சி கிடைச்ச வாசலுக்குப் போனது மானக்கேடா? பஞ்சம் ரெண்டு மூணு வருஷத்துல முடிஞ்சுது. சோறு மட்டும்தான் காரணம்னா அன்னைக்கே திரும்பியிருக்கலாம். பல குடும்பங்கள் இன்னும் அந்த மாதாகிட்டதான் இருக்கு.

6/ இனி யாராவது கேட்டா, "ஆமா, பசிச்சது. பசிக்கவிட்டது யாரு?"ன்னு திருப்பிக் கேளுங்க.