கல்லூரிக்கு வழி தேடினோம்

பிழைப்பை நாடிப் பிற மாநிலத்தில் குடியேறிய குடும்பங்களுக்கு நிலமும் வீடும் எளிதில் சேர்வதில்லை. பிள்ளைகளின் கல்வியே நாம் சேர்த்து வைக்கக்கூடிய செல்வம். இதனை அறியாத தமிழ்க் குடும்பம் தில்லியில் இல்லை. ஆயினும் பள்ளிப் படிப்பு முடிந்து பல்கலைக்கழகத்தின் வாயிலை நெருங்கும் வேளையில் நம்மில் பலர் திகைத்து நின்றுவிடுகிறோம். “எங்களுக்கு என்ன தெரியும்? பிள்ளையே பார்த்துக்கொள்ளட்டும்” என்று ஒதுங்கிவிடுகிறோம். அவ்வாறு ஒதுங்க வேண்டுவதில்லை என்பதை எங்கள் இல்லத்து அனுபவத்தைக் கொண்டு சொல்ல விரும்புகிறோம்.

நாங்கள், கணவனும் மனைவியும், பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர்கள். தந்தையார் இரயில்வேப் பணியில் இருக்கும்போதே மறைந்தமையால், கருணை அடிப்படையில் கிடைத்த எழுத்தர் வேலையே குடும்பத்தைத் தாங்கி வருகிறது. தாயாரும் தங்கையும் எங்கள் இரு குழந்தைகளும் அந்த ஓர் ஊதியத்தில்தான் வாழ்கிறார்கள். பொருளாதாரம் பயில வேண்டும் என்பது தங்கையின் ஆசை. இடம் கிடைக்காமல் ஓராண்டு வீட்டில் இருக்க நேர்ந்தால், ஊருக்கு அழைத்துச் சென்று மணமுடித்துவிட வேண்டும் என்பது தாயாரின் எண்ணம். ஆகவே 2025ஆம் ஆண்டின் கல்லூரிச் சேர்க்கை எங்களுக்கு வெறும் படிப்பைப் பற்றிய கேள்வியாக இருக்கவில்லை.

சேர்க்கை என்பது பன்னிரண்டாம் வகுப்பு முடிந்த பின்னர்த் தொடங்குவது என்றே பலரும் எண்ணுகிறார்கள். உண்மையில் அது பதினோராம் வகுப்பில் பாடங்களைத் தேர்ந்தெடுக்கும் நாளிலேயே தொடங்கிவிடுகிறது. தில்லிப் பல்கலைக்கழகத்தில் பொருளாதார ஆனர்ஸ் படிக்கக் கணிதம் இன்றியமையாதது. எங்களுடன் பணிபுரியும் அன்பர் ஒருவரின் மகன் நன்றாகப் படிப்பவன். கணிதத்தை எடுக்காமலே பன்னிரண்டாம் வகுப்பை முடித்தான். விண்ணப்பிக்கும் வேளையில்தான் அந்த ஒரு வரி அவன் கண்ணில் பட்டது. அதற்குள் காலம் கடந்துவிட்டது.

எங்கள் தங்கையும் ஒருநாள், “அண்ணா, கணக்கு மிகக் கடினமாக இருக்கிறது; விட்டுவிடட்டுமா?” என்று கேட்டாள். அன்றிரவே பல்கலைக்கழகத்தின் தகுதிப் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு மூவரும் உட்கார்ந்து படித்தோம். “நீ கணக்கை விட்டால், பொருளாதாரம் உன்னை விட்டுவிடும், அம்மா” என்றோம். அவள் விடவில்லை.

2022ஆம் ஆண்டு முதல் அங்கே இளங்கலை வகுப்புகளுக்கு ‘க்யூட்’ எனப்படும் பொது நுழைவுத் தேர்வின் மதிப்பெண்ணே அளவுகோல். 2025இல் ஒருவர் ஐந்து பாடங்கள் வரை எழுதலாம் என்றும், பன்னிரண்டாம் வகுப்பில் படிக்காத பாடத்தையும் எழுதலாம் என்றும் தேர்வு நடத்துவோர் அறிவித்தனர். ஆனால் தில்லிப் பல்கலைக்கழகமோ பன்னிரண்டாம் வகுப்பில் பயின்ற பாடங்களையே எழுத வேண்டும் என்றது. இரு அறிவிப்புகளுள் ஒன்றை மட்டும் படித்தவர் இடறுவது உறுதி. தேர்வு நடத்துவோர் சொல்வதையும் சேர்த்துக்கொள்வோர் சொல்வதையும் அருகருகே வைத்துப் படிப்பதே அறிவுடைமை.

இன்னொரு செய்தி நம்மவர்க்கு உவப்பளிப்பது. அத்தேர்வுக்குரிய 13 மொழிகளுள் தமிழும் ஒன்று. பொருளாதார ஆனர்ஸ் படிப்புக்கு ஒரு மொழியும், கணிதமும், வேறு இரு பாடங்களும் கணக்கில் கொள்ளப்படுகின்றன. அம்மொழி ஆங்கிலமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. பள்ளியில் தமிழ் பயின்ற எங்கள் தங்கை இரண்டையும் எழுதினாள். ஆங்கிலத்தைக் காட்டிலும் தமிழில் கூடுதல் மதிப்பெண் வந்தது. அதுவே அவளுக்குக் கைகொடுத்தது. “தில்லியில் தமிழ் படித்து என்ன பயன்?” என்று கேட்போருக்கு இதனை விடையாகச் சொல்லலாம்.

அடுத்து வந்தது கல்லூரிப் பட்டியல். 69 கல்லூரிகள், எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட இடங்கள். கண்டவுடன் மலைப்புத் தட்டியது. எனினும் இரயில்வே கால அட்டவணையோடு பழகிய கண்களுக்கு ஒன்று தெரியும்: வண்டியின் பெயரை மட்டும் பார்த்துப் புறப்படலாகாது, அடிக்குறிப்பையும் பார்க்க வேண்டும். கல்லூரிப் பட்டியலும் அத்தகையதே. சில கல்லூரிகளின் பெயருக்குப் பின்னால் ‘மாலை’ என்றொரு சிறு சொல் நிற்கும். பகலில் பணிபுரியும் இளைஞனுக்கு அது வரம். நகரின் கோடியிலிருந்து வரும் பெண்ணுக்கோ இரவில் வீடு திரும்பும் வழியை எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தி. சில கல்லூரிகள் மகளிர்க்கு மட்டுமே உரியவை. சிலவற்றில் பொருளாதாரம் தனி ஆனர்ஸாக இன்றி, இரு துறைகளை இணைத்துப் பயிலும் பி.ஏ. படிப்பில் மட்டுமே இருக்கும்.

ஒரு குறிப்பேட்டில் நான்கு கட்டங்கள் வரைந்தோம். படிப்பு, அதற்கு வேண்டிய பாடங்கள், கல்லூரியும் வகுப்பு வேளையும், போய்வரும் நேரமும் செலவும் என்று நிரப்பினோம். எங்கள் குடியிருப்பிலிருந்து எந்தப் பேருந்து, எங்கே மெட்ரோ மாற வேண்டும் என்று கணக்கிட்டது தங்கையின் அண்ணிதான். போக மட்டும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும் கல்லூரிகளை அடித்துவிட்டோம். நான்கு நாள் மாலைப்பொழுது இதற்கே சென்றது. மலை போன்ற பட்டியல் இரண்டு பக்கங்களில் அடங்கியது.

விருப்ப வரிசையை எழுதும்போது பலர் பல யோசனை சொன்னார்கள். “பெரிய கல்லூரி கிடைக்காது, எளிதாகக் கிடைப்பதை முதலில் எழுது” என்றார் ஒருவர். அது பொருந்தாது. மதிப்பெண்ணுக்கு எட்டும் இடங்களுள் வரிசையில் மேலே இருப்பதைத்தான் கணினி ஒதுக்குகிறது. எளியதை மேலே எழுதினால் அதுவே கிடைத்து நின்றுவிடும். மெய்யான விருப்பத்தின்படி மேலிருந்து கீழாக எழுத வேண்டும். இயன்றவரை நீளமாகவும் எழுத வேண்டும்.

முதற்சுற்றில் எங்கள் வரிசையில் பதினோராவதாக இருந்த கல்லூரி கிடைத்தது. குறித்த நாளுக்குள் அதனை ஏற்காவிட்டால் இடமும் போகும். பின்வரும் சுற்றுகளும் இல்லை. ஏற்றபின், அங்கேயே நிலைத்துவிடலாம். அல்லது மேலான விருப்பத்துக்குக் காத்திருக்கலாம். ஆனால் மேலானது கிடைத்தால் பழைய இடம் தானே நீங்கிவிடும். திரும்பப் பெற இயலாது. ஆகவே தனக்கு மேலே உள்ள பத்துக் கல்லூரிகளில் எது கிடைத்தாலும் சம்மதமா என்று தங்கையைக் கேட்டு உறுதிசெய்த பின்னரே காத்திருக்க முடிவு செய்தோம். இரண்டாம் சுற்றில் ஏழாவது கல்லூரி கிடைத்தது. செய்தியைக் கேட்ட தாயார், “போய்வர எவ்வளவு நேரமாகும்?” என்று மட்டும் கேட்டார். திருமணப் பேச்சை அவர் எடுக்கவில்லை.

சேர்ந்ததோடு வேலை முடிந்துவிடவில்லை. முதற்பருவத்துக்கு 22 ‘கிரெடிட்’. அவற்றுள் மூன்று முதன்மைத் தாள்களுக்கு 12. பிற துறையிலிருந்து எடுக்கும் தாளுக்கு 4. திறன் வளர்ப்பு, விழுமியக் கல்வி, மொழி அல்லது சுற்றுச்சூழல் என்னும் மூன்றுக்கும் இரண்டிரண்டு. பல்கலைக்கழகப் பட்டியலில் ஒரு தாள் இருப்பது வேறு. அக்கல்லூரியில் அது நடைபெறுவது வேறு. மொழித் தாளாகத் தமிழை எடுக்க அவள் விரும்பினாள். அங்கே அதற்கு ஆசிரியர் இல்லை. சுற்றுச்சூழல் தாளை எடுத்தாள். விரும்பிய பிறதுறைத் தாளிலும் இடம் நிரம்பிவிடலாம். ஆகவே இரண்டு மூன்று விருப்பங்களைக் கையில் வைத்துக்கொண்டே செல்ல வேண்டும்.

இடம் கிடைக்காத பிள்ளைகளின் பெற்றோர் மனம் தளர வேண்டா. 1962இல் தொடங்கிய பல்கலைக்கழகத்தின் அஞ்சல்வழிக் கல்வி, இன்று திறந்தநிலைக் கல்விப் பள்ளியாக நடைபெறுகிறது. தில்லியில் வாழும் பெண்களுக்கென 1944இல் அமைந்த கல்லூரிசாரா மகளிர் கல்வி வாரியம் வார இறுதியில் வகுப்பு நடத்துகிறது. அதில் சேர நுழைவுத் தேர்வு இல்லை, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணே போதும். பட்டம் அதே பல்கலைக்கழகத்தின் பட்டம்தான்.

இவ்வரிகளைப் படித்த நாள்முதல் எங்கள் வீட்டில் இன்னொரு பேச்சும் எழுந்தது. பத்தாம் வகுப்புத் தேறியவர்கள் தேசியத் திறந்தநிலைப் பள்ளியின் வாயிலாக ஐந்து பாடங்கள் எழுதிப் பன்னிரண்டாம் வகுப்பை முடிக்கலாம் அல்லவா? நான்கு கட்டக் குறிப்பேட்டின் அடுத்த பக்கத்தில் தங்கை தன் அண்ணியின் பெயரை எழுதிவிட்டாள். முதற்பாடமாகத் தமிழையும் எழுதியிருக்கிறாள். அன்பர்கள் தம் வீட்டிலும் ஒரு குறிப்பேட்டை எடுத்து வைப்பார்களாக. பிள்ளை பதினோராம் வகுப்பில் அடி வைக்கும் முன்னரே அதில் முதற்கோட்டை வரைந்துவிடுவது நன்று.