அழிப்பான் செய்யும் வேலை

பிரிக்ஃபீல்ட்ஸ் சாப்பாட்டுக் கடையில் பசியாறப் போனால், தே தாரே ஆறி ஏடு படியும்வரை அப்பா நாளிதழ்ச் சுடோகுவை விடமாட்டார். பேனாவைத் தொடவே மாட்டார், பென்சில்தான். கட்டத்தின் மூலையில் 2, 5, 9 என்று பொடியாகக் குறித்து, ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டே வருவார். அவரைப் பார்த்துத்தான் நானும் சுடோகு தீர்க்க ஒரு நிரல் எழுதினேன். என் கண்ணில் பட்டது பென்சில் மட்டுமே. அழிப்பானைக் கவனிக்கவில்லை.

முதல் நிரல் முரட்டுப் பிள்ளை. காலிக் கட்டத்தில் 1 போடு. வரிசை, நெடுவரிசை, 3×3 பெட்டி எதிலும் இடிக்காவிட்டால் அடுத்த கட்டத்துக்குப் போ. இடித்தால் 2, அப்புறம் 3. ஒன்பதும் பொருந்தாவிட்டால் முந்தைய கட்டத்துக்குத் திரும்பு. முப்பது வரிகூட இல்லை. ஓடவிட்டால், நாளிதழில் வந்த எளிய புதிருக்கே தீர்வில்லை என்றது. இரண்டு இரவு தேடிய பிறகுதான் பிடிபட்டது: திரும்பி வரும்போது, போட்ட எண்ணை அழிக்கச் சொல்லவே இல்லை. தோற்றுப்போன எண்கள் கட்டங்களில் உட்கார்ந்துகொண்டு மற்றவற்றை வழிமறித்திருக்கின்றன.

அதைத் திருத்தியதும் தலைக்கனம் வந்தது. 17 எண்களே தந்து, முதல் வரிசையை முழுக்கக் காலியாக விட்ட ஒரு புதிரைக் கொடுத்தேன். (17-க்கும் குறைவாகத் தந்தால் ஒரே விடையுள்ள சுடோகு அமையாது என்று கேரி மெக்குவையர் குழு 2012-இல் கணினியால் தேடித் தேடி நிறுவியது.) கிள்ளானில் கம்யூட்டர் ரயில் ஏறியதும் ஓடவிட்டேன். பாடாங் ஜாவா, ஷா ஆலாம், சுபாங் ஜெயா எல்லாம் போயின. மடிக்கணினிதான் மடியில் சுட்டது. அந்தப் புதிரின் முதல் வரிசை விடை 987654321. 1-இலிருந்து ஏறிப் பார்க்கிற நிரலுக்கென்றே வைத்த கண்ணி.

வழி பக்கத்து நாட்டிலிருந்து வந்தது. சிங்கப்பூர்ப் பிரதமராக இருந்த லீ சியன் லூங், தாம் சி++ மொழியில் எழுதிய சுடோகு நிரலை 2015 மே மாதம் ஃபேஸ்புக்கில் வெளியிட்டார். கேம்பிரிட்ஜில் கணிதம் படித்தவர். இடமிருந்து வலமாகப் போகாமல், எந்தக் கட்டத்தில் வாய்ப்பு மிகக் குறைவோ அதை முதலில் எடுக்கிறது அவர் நிரல். அப்பா பென்சிலால் செய்வதும் அதேதான். எதிரே உட்கார்ந்து தோசை தின்றுகொண்டிருந்த எனக்குத்தான் உறைக்கவில்லை.

பிறகு எல்லாவற்றையும் பிட்டுகளுக்கு மாற்றினேன். வரிசை 9, நெடுவரிசை 9, பெட்டி 9, ஆக 27 எண்கள். ஒவ்வொன்றிலும் ஒன்பது பிட். 7 வந்துவிட்டால் ஏழாவது பிட் 1 ஆகும். ஒரு கட்டத்துக்குரிய மூன்றையும் ஒன்றுசேர்த்தால், 0-ஆக நிற்பவைதான் மிச்சமுள்ள வாய்ப்புகள். இதில் நான் சொக்கிப்போன இடம் ஒன்று உண்டு: பிட்டைப் புரட்டும் ஒரே கட்டளைதான் எண்ணைப் போடுகிறது, அதே கட்டளைதான் எடுக்கிறது. பென்சிலின் மறுமுனையிலேயே அழிப்பானும் இருக்கிற மாதிரி. ரயிலில் திணறிய புதிர், நான் விசையிலிருந்து விரலை எடுப்பதற்குள் முடிந்தது.

அப்பாவிடம் காட்டினேன். ஒரு கட்டத்தில் விரலை வைத்தார்.

“இங்க ஏன்டா 7?”

“வேற எதைப் போட்டாலும் பின்னாடி போய் முட்டுதுப்பா.”

“முட்டினப்புறம் தெரியுறது ஒரு காரணமா?”

இப்போது வேகத்தை விட்டுவிட்டேன். ஒவ்வோர் எண்ணுக்கும் பக்கத்தில், ‘இந்தப் பெட்டியில் 7 உட்கார வேறு இடமில்லை’ என்று அச்சிடும் பகுதியை எழுதிக்கொண்டிருக்கிறேன். முப்பது வரி நிரல் நானூறைத் தாண்டிவிட்டது.