சிவப்புப் பேனையை நம்ப வேண்டாம்

தரம் 9 பிள்ளைகளிடம் குடும்பத்தைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதச் சொன்னேன். ஒரு மகள் எழுதியிருந்தாள்: "மை மதர் வென்ட் டு குவைத் இன் 2019."

தாய் இன்னும் வரவில்லை என்பது எனக்குத் தெரியும். போனவர் திரும்பவில்லை என்றால் "ஹேஸ் கோன்" தானே? "வென்ட்"டை வெட்டித் திருத்திவிட்டேன். (கலாசாலையில் இதற்கு முழுப் புள்ளி வாங்கியவன் நான்!)

கொப்பியைத் திருப்பிக் கொடுக்கும்போதுதான் அந்த 2019 கண்ணில் பட்டது. முடிந்துபோன வருஷத்தைச் சொல்லிவிட்டால் ஆங்கிலத்தில் "ஹேஸ் கோன்" வராது, ஆள் இன்னும் அங்கேயே இருந்தாலும் "வென்ட்" தான். தமிழில் "2019இல் குவைத்துக்குப் போயிருக்கிறார்" என்று தாராளமாகச் சொல்வோம். நாம் சறுக்குவது இந்த இடத்தில்தான்.

வகுப்பில் எல்லோர் முன்னாலும் சொன்னேன், "மகள் எழுதினதுதான் சரி, சேர்தான் பிழை."

அவள் விடவில்லை. "அப்ப அம்மா இன்னும் வரலைனு எப்படி சேர் தெரியும்?"

"வென்ட்"டில் அது தெரியாது மகள், இன்னொரு வசனம் வேண்டும் என்றேன். போன கிழமை "யெட்" படிப்பித்திருந்தேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு எழுதிக்கொண்டு வந்தாள்.

"ஷீ ஹேஸ் நொட் கம் பேக் யெட்."

திருத்த ஒன்றுமில்லை. சரி போட்டுக் கொடுத்தேன்.